பற்றை மூடிய காணி: பொறுப்பெடுப்பதா, பொறுத்திருப்பதா?

"காணி விட்டாச்சாம்." இந்த இரண்டு சொற்களைக் கேட்பதற்காக வலிகாமம் வடக்கு மக்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள்! 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறைப் பகுதிகளை விட்டு வெளியேறியவர்கள், நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுவந்தார்கள். திறப்பு துருப்பிடித்தது. அதைக் கொண்டுவந்த தாய்மார் பலர் நலன்புரி நிலையங்களிலேயே கண்ணை மூடினார்கள். போர் முடிந்த பின்னரும், 2013இல் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள், வீதியில் இருந்து போராடினார்கள். அதன் பின்னர்தான் காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டன. 2017 ஜூலை 3இல் மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கரும், 2018 ஏப்ரல் 13இல் 683 ஏக்கரும் விடப்பட்டன. இன்னும் விடப்படாத காணிகளும் உள்ளன.

ஆனால் விட்ட காணியைப் பார்க்கப் போனவர்கள் கண்டது என்ன? வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. வேலி இல்லை. எல்லையாக நின்ற பூவரசும் கிளுவையும் இல்லை. தலைக்கு மேல் வளர்ந்த பற்றை, அதற்குள் மண் அணை, தூர்ந்த கிணறு. சிலர் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு அன்றே கத்தியை எடுத்தார்கள். சிலர் வேலியோரம் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இருவருமே பிழையானவர்கள் அல்லர்.

தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு இது சாதாரண கேள்வி அல்ல. போனால் கைக்காசும் உடல்நலமும் பிள்ளைகளின் படிப்பும் என்னவாகும்? போகாவிட்டால் அப்பு, ஆச்சி தேடி வைத்த காணி என்னவாகும்? இக்கட்டுரை உங்களைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது. அந்த முடிவைக் கண்ணீரின் வேகத்திலோ பயத்தின் வேகத்திலோ எடுக்காமல், கணக்குப் பார்த்து எடுப்பதற்கு உதவுவதே எமது நோக்கம்.

ஒரு கேள்வி அல்ல, இரண்டு

எங்களில் பலர் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். காணியின் உரிமையைக் காப்பது ஒரு முடிவு. காணியைத் திருத்திப் பயிர் வைப்பது அல்லது குடியிருப்பது இன்னொரு முடிவு.

முதலாவதைப் பிற்போட முடியாது. அதற்குப் பெரிய காசு வேண்டாம். கடதாசியும் எல்லையும் அயலவர் சாட்சியும் போதும். இரண்டாவதை உங்கள் வசதிப்படி இந்த வருடமும் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம், பாதியைச் செய்து பாதியை விட்டும் வைக்கலாம். "எல்லாவற்றையும் திருத்த என்னால் ஏலாது" என்று சொல்லிக் காணிப் பக்கமே போகாமல் விடுபவர்கள், இரண்டாவது முடிவுக்குப் பயந்து முதலாவதையும் கைவிட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால் வைக்க முன்

காணி விடப்பட்டது என்ற அறிவித்தல் மட்டும் போதாது. மிதிவெடி, வெடிபொருள் தேடி அகற்றி, பாதுகாப்பானது என்று உறுதிப்படுத்தப்பட்ட காணியா என்பதை உங்கள் கிராம அலுவலரிடம் கேளுங்கள். உங்கள் துண்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக் காணி துப்புரவானது என்பதற்காக உங்களுடையதும் துப்புரவானது என்று எண்ண வேண்டாம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நாடு முழுவதும் மிதிவெடிகளை அகற்றி முடிக்கக் குறித்த ஆண்டு 2028. குடாநாட்டின் வாசலான முகமாலையில் எத்தனை ஆண்டுகள் அந்த வேலை நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடியவர்களில் எங்களைப் போலக் குடும்பத் தலைவிகளான பெண்கள் பலர். அவர்களுடைய பொறுமையை நாங்களும் கைக்கொள்ள வேண்டும்.

சான்று கிடைத்த காணியிலும் சில ஒழுங்குகள் உண்டு. பற்றைக்கு நெருப்பு வைக்க வேண்டாம். மண்ணுக்குள் ஒரேயொரு எறிகணை மிஞ்சியிருந்தாலும் சூட்டில் வெடிக்கலாம். இனம் தெரியாத இரும்பைத் தொடவோ, பழைய இரும்புக்காரருக்கு விற்கவென்று எடுக்கவோ வேண்டாம். அந்த இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை முதல் நாட்களில் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

மற்றது பாம்பு. முத்திரைப் புடையனும் சுருட்டையும் பற்றைக்குள்ளும் கற்குவியலுக்குள்ளும் கிடக்கும். முழங்கால் வரையான சப்பாத்து, நீண்ட தடி, கூட ஓர் ஆள். இவை இல்லாமல் உள்ளே போகக்கூடாது. கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறுவதும் கூடாது. காலை அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

காணி யாருடைய பெயரில்?

பற்றை வெட்டுவதற்கு முன் உறுதியைப் பாருங்கள். உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதா? பயப்பட வேண்டாம். பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் தேடுவது இலகு. தெரியாவிட்டால் காணியின் பெயர், ஊர், தகப்பன் பெயர் ஆகியவற்றைக் கொண்டு பதிவேட்டில் தேடச் சொல்லலாம். எங்கள் காணிகளுக்குப் பெயர் வைத்த முன்னோர் பெரிய உதவி செய்து போயிருக்கிறார்கள். அந்தப் பெயரை வயதானவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.

அது உங்கள் சீதனக் காணியானால் அது உங்களுடையதே. அதைத் துப்புரவாக்கவும் பயிரிடவும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கணவர் எங்கே என்று தெரியாத நிலையிலும், அவர் பிரிந்து போன நிலையிலும், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வழி உண்டு.

காணி கணவரின் முதுசமாக இருந்து, அவர் காணாமற் போயிருந்தால் நெஞ்சு இன்னும் பாரமாகும். மரணச் சான்றிதழ் எடுக்க எங்களில் பலருக்கு மனம் வராது. வராமல் இருப்பதும் நியாயமே. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், இறந்தார் என்று சொல்லாமல், அவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழுக்கு இடம் வைத்தது. அவருடைய சொத்தைப் பராமரிக்க அது உதவும். அதை எடுப்பதா இல்லையா என்பது உங்கள் மனச்சாட்சி. அப்படி ஒன்று உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

காணி பிரிபடாத பங்காக இருந்தால் சகோதரங்களுடன் பேசாமல் கிணறு இறைக்கவும் வேலி போடவும் செலவழிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பங்காளியிடம் அற்றோணித் தத்துவமோ குறைந்தது எழுத்தில் ஒரு சம்மதமோ பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வியர்வை சிந்தித் திருத்திய பிறகு "எனக்கும் பங்கு" என்று ஒருவர் வருவதிலும் பார்க்க, முதலே பேசிவிடுவது நல்லது.

தண்ணீர் இல்லாமல் தோட்டம் இல்லை

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த நன்னீரைத்தான் நாங்கள் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும்.

ஆகவே கிணற்றை முதலில் பாருங்கள். எட்டிப் பார்க்கலாம், இறங்கக்கூடாது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் மூச்சுக்குரிய காற்றுக் குறைவாக இருக்கும். வெடிபொருளும் போடப்பட்டிருக்கலாம். துப்புரவாக்குவதைப் பழக்கமானவர்களிடம் விடுங்கள். நீர் வந்ததும் முதல் வாளியை மட்டும் சுவைத்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஒரு மணி நேரம் இறைத்த பின் மீண்டும் சுவைத்துப் பாருங்கள். அப்போதும் உவர்க்காவிட்டால் வெங்காயம், மிளகாய் பற்றி யோசிக்கலாம். உவர்த்தால், குறிப்பாகக் கடலோரக் காணிகளில், தென்னையும் பனையும்தான் புத்தி.

குடிக்கும் நீர் வேறு கதை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், பசளையும் மலக்குழிகளும் காரணமாக, நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தால் அது போகாது. பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பியுங்கள்.

பற்றை சொல்லும் சேதி

பற்றையைப் பகைவனாக மட்டும் பார்க்காதீர்கள். அது மண்ணைப் பற்றிய சேதியும் சொல்லும்.

இப்பில் இப்பில் மரங்கள் செழித்து நின்றால் அங்கே மண் ஆழமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதை மட்டமாக வெட்டினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். வேண்டாத இடத்தில் வேரோடு எடுக்க வேண்டும். வேண்டிய இடத்தில், வேலியோரமாக, விட்டு வைத்தால் ஆட்டுக்குக் குழை. எருக்கலையும் நாகதாளியும் மட்டும் நிற்கும் இடம் வறண்டதோ கல் நிறைந்ததோ ஆக இருக்கும். கோரைப்புல் நிறைந்திருந்தால் அவசரப்பட்டு உழவு இயந்திரத்தை இறக்க வேண்டாம். உழவு அதன் கிழங்குகளை உடைத்துக் காணி முழுதும் பரப்பிவிடும். கோடையில் கொத்திக் கிழங்கைப் பொறுக்கி வெயிலில் காயவிடுவதே வழி.

பார்த்தீனியத்தை மட்டும் ஒரு நாளும் நிற்க விடாதீர்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைக் கொட்டும். தோலில் சொறியும் மூச்சு இழுப்பும் வரும். மழைக்குப் பின், பூக்க முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போகக்கூடாது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. கால் நூற்றாண்டாக உரமும் நஞ்சும் காணாமல், விழுந்த இலையெல்லாம் உக்கிச் சேர்ந்த செம்பாட்டு மண், இளைப்பாறிய மண். எங்கள் பாட்டன்மார் புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதற்கு வண்டி கட்டி வன்னிக்குப் போனார்கள். உங்கள் காணியில் அந்தக் குழை வாசலிலேயே நிற்கிறது. வெட்டியதை எரிக்காமல், விதை இல்லாத இலை தழைகளைக் கிடங்கில் போட்டு உக்க விட்டால், அடுத்த போகத்துக்கு வாங்கும் உரம் குறையும். மண் அணைகள் இருந்த இடத்தில் மேல்மண் வழித்து எடுக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டைக் கடைசிக்கு விடுங்கள்.

ஒரு குழிப் பரீட்சை

"எத்தனை நாளில் திருத்தலாம்?" என்று யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார். உங்கள் காணியிடமே கேளுங்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

தோட்டக் காணிக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 18 குழி. ஒரு குழி என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. பாதுகாப்பு உறுதியான பின், மிக மோசமும் அல்லாத மிக நல்லதும் அல்லாத ஒரு மூலையில், நாலு தடி நட்டுக் கயிறு கட்டி ஒரு குழியை அளந்துகொள்ளுங்கள். அதை மட்டும் வெட்டி, வேர் கிளப்பி, கொத்திப் புரட்டிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் எடுத்தது? அடுத்த நாள் காலையில் இடுப்பு என்ன சொல்லுகிறது? இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஒரு குழிக்கு ஒரு காலைப்பொழுது எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரப்புக்கு 18 காலைகள். நாலு பரப்புக்கு 72 காலைகள். கிழமைக்கு மூன்று காலைகள்தான் உங்களுக்கு ஒதுக்க முடியும் என்றால், ஒரு பரப்பு ஆறு கிழமையில் முடியும். நாலு பரப்பு 24 கிழமை. அதற்குள் முதலில் வெட்டிய மூலையில் மீண்டும் பற்றை எழும்பிவிடும். கூலிக்கு ஆள் பிடிப்பதானாலும் இதே கணக்கை அன்றைய நாட்கூலியால் பெருக்கிப் பாருங்கள். மலைபோல் தெரிந்தது ஒரு தொகையாக மாறிவிடும். தொகை தெரிந்தால் பயம் பாதி போய்விடும். ஏலாது என்றால் ஏலாது என்பதும் தெளிவாகிவிடும்.

ஒரு பரப்பிலிருந்து

இங்கிலாந்தில் உள்ளூர்ச் சபைகள் தோட்டம் செய்ய விரும்புவோருக்குச் சிறு துண்டு நிலங்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கின்றன. 1908ஆம் ஆண்டின் சட்டம் அதை ஒரு கடமையாகவே வகுத்தது. லண்டனில் இருக்கும் எங்கள் உறவுகள் பலரும் அப்படியான துண்டுகளில் கீரையும் பூசணியும் வைக்கிறார்கள். அங்கே ஒரு முழுத் துண்டின் அளவு 10 பேர்ச்சஸ். அதாவது, எங்கள் கணக்கில் சரியாக ஒரு பரப்பு! அங்கும் முன்னையவர் கைவிட்ட பற்றைத் துண்டுதான் பலருக்குக் கிடைக்கிறது. பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான்: முதலில் பாதியை எடு, மீதியை மூடி வை. வெளிச்சம் புகாத கறுப்புப் படங்கையோ தடித்த காட்போட் மட்டையையோ விரித்து மூடிவிட்டால் கீழே புல் தானாகச் சாகும். அடுத்த வருடம் அந்தப் பாதிக்கு வரலாம். வசதியான நாட்டில் வாழ்பவர்களே ஒரு பரப்பைப் பாதியாகப் பிரிக்கிறார்கள் என்றால், நாங்கள் எட்டுப் பரப்பை ஒரே மூச்சில் பிடிக்காததில் வெட்கம் என்ன?

ஆவணி, புரட்டாசியில் வெட்டி, வேர் கிளப்பி முடித்தால் ஐப்பசி மழையோடு நடலாம். முதல் வருடம் செலவு கூடிய வெங்காயத்திலும் உருளைக்கிழங்கிலும் கைவைக்க வேண்டாம். மரவள்ளி, வத்தாளை, பூசணி, கௌபி, பயிற்றை ஆகியவை மண்ணை மூடிப் புல்லை அடக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கும் உதவும். வேலியோரம் முருங்கைத் தடியும் கிளுவைக் கதியாலும் நட்டால் எல்லையும் நிற்கும், கறியும் கிடைக்கும். இன்னும் வெட்டாத பக்கத்தில் ஒரு மறியாட்டைக் கட்டினால் அது சம்பளம் கேட்காமல் பற்றையைக் குறைக்கும். பயிரைப் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயப் போதனாசிரியரும் கமநல சேவை நிலையமும் இருக்கின்றன. போய்க் கேட்பது எங்கள் உரிமை.

தனியே செய்ய வேண்டியதும் இல்லை. அயலில் இன்னும் மூன்று பெண்கள் இதே நிலையில் இருப்பார்கள். இன்று உன் காணி, நாளை என் காணி என்று மாறி மாறி வெட்டினால் பயமும் குறையும், பாம்புக்கும் ஆளுக்கும் துணையும் கிடைக்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

வீட்டுக் கணக்கு

காணிக் கணக்குச் சரியாக வந்தாலும் வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு உண்மையாக விடை சொல்லுங்கள்.

காணிக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? பஸ் ஓடுகிறதா? பொழுதுபட முன் திரும்பி வரலாமா? பிள்ளை பத்தாம், பதினோராம் வகுப்பில் இருந்தால் பரீட்சை முடியும் வரை இடம் மாற்றாமல், போய் வந்து தோட்டம் செய்யலாமா? அயலில் எத்தனை குடும்பம் திரும்பி வந்திருக்கிறது? இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடாவது இருக்கிறதா? இப்போது கிடைக்கும் கூலி வேலை நின்றுபோனால் முதல் அறுவடை வரை அடுப்பு எப்படி எரியும்? இந்தக் கேள்விகளில் இரண்டு மூன்றுக்கு நல்ல விடை இல்லையென்றால், குடிபெயராமல் தோட்டத்தை மட்டும் தொடங்குங்கள்.

கடன் வாங்கிப் பற்றை வெட்டுவதா? வேண்டாம் என்பதே எமது கருத்து. பெக்கோ இயந்திரம் ஒரே நாளில் எட்டுப் பரப்பையும் வெளியாக்கிவிடும். ஆனால் மேல்மண்ணையும் சேர்த்து வழித்துவிடும். வெளியான காணியை உடனே பயிரால் மூட முடியாவிட்டால் அடுத்த மாரிக்குப் பற்றை திரும்பும், கடன் மட்டும் மிஞ்சும். வீட்டு வாசலில் கிழமைக் கடன்காரர் வந்து நின்ற காலம் எமக்கு மறக்கவில்லை. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அந்தத் துன்பம் பெருகியிருந்தது. கையில் இருக்கும் காசுக்குத் திருத்தக்கூடிய அளவுதான் இந்த வருடத்து உங்கள் தோட்டம்.

"இப்போது இல்லை" என்பதும் ஒரு முடிவு

எல்லாக் கணக்கும் பார்த்த பின் "இந்த வருடம் என்னால் ஏலாது" என்று வந்தால், அது தோல்வி அல்ல. உடல் இயலாமை, கைக்குழந்தை, ஊனமுற்ற கணவர், அந்த இடத்தைப் பார்த்தாலே நெஞ்சு பதறுவது எல்லாம் உண்மையான காரணங்கள். உறவைப் பறிகொடுத்த மண்ணில் உடனே வெங்காயம் நட எல்லோராலும் முடியாது. மனம் ஆறவும் காலம் வேண்டும். ஆனால் முன்னர் சொன்ன முதலாவது முடிவை அப்போதும் கைவிடக்கூடாது.

உறுதிப் பிரதியை எடுத்து வையுங்கள். எல்லையை அயல் காணிக்காரர் முன்னிலையில் அடையாளம் கண்டு, ஏலுமானால் நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்து, கல் நாட்டுங்கள். நாலு பக்கமும் கதியால் போட முடியாவிட்டாலும் மூலைகளில் பூவரசந் தடியாவது நடுங்கள். கிராம அலுவலரிடம் உங்கள் பெயரையும் முகவரியையும் பதிந்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

யாராவது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டால், சொந்தக்காரராக இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள். எத்தனை வருடம், என்ன குத்தகை, யாருடைய அனுமதியில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் நாட்டுச் சட்டத்தில், உரிமையாளரின் அனுமதியின்றி, அவருடைய உரிமையை ஏற்காமல், பத்து ஆண்டுகள் இடையறாது காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோர வழி உண்டு. போரினால் தம் காணிப் பக்கம் போக முடியாதிருந்தவர்களைக் காக்க 2016இல் ஒரு விசேட சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எழுத்தில் கொடுத்த அனுமதிதான் உங்கள் கையில் உள்ள நல்ல வேலி. வெள்ளைத்தாளில் மட்டும் ஒருநாளும் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

ஆத்திரத்திலும் அலுப்பிலும் விற்றுவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். விற்பது பிழை என்பதல்ல. பிள்ளையின் படிப்புக்காக, மருத்துவத்துக்காக விற்க வேண்டிய நிலை வரலாம். ஆனால் பற்றையோடு இருக்கும் காணிக்குக் கேட்பது பற்றை விலை. மூலையில் ஒரு பரப்பாவது துப்புரவாகி, கிணறும் எல்லையும் தெரிந்த காணிக்குக் கேட்பது வேறு விலை.

சகோதரிகளே, முள்ளுக்கம்பி கட்டி மறித்தபோது எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இன்று அந்தக் கேள்வி எங்கள் கைக்கு வந்திருக்கிறது. எடுப்பதானால் ஒரு குழியிலிருந்து எடுங்கள். பொறுத்திருப்பதானால் உறுதியையும் எல்லையையும் காத்துக்கொண்டு பொறுத்திருங்கள். அடுத்த முறை கிராம அலுவலரிடம் போகும்போது காணியின் பெயரை எழுதிய துண்டை மறக்காமல் கொண்டுபோங்கள். முதல் வேலை அதுதான்.